ஊட்டி வளத்த நட்சத்திரம்

எப்பவும் குளிருது குளிருதுன்னு சொல்ற ஒருத்தர் உங்க வீட்ல இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? கம்பளி ஆலைக்குப் பின்னாடி இருந்த தொழிலாளர் கட்டடத்துல, மூணாவது மாடியில குடியிருந்த பெரியவ, ஒரு நட்சத்திரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தா. வானத்துல இருந்து விழுந்தது இல்ல அது. அப்படி விழறதெல்லாம் வெறும் கல்லு. இது பொறந்ததே ஆலையோட தூசி அறையிலதான். பொறந்து, எரிஞ்சு, கொழுத்து, ஊதி, வெடிச்சு, அதுக்கப்புறம் என்ன ஆகணுமோ அதுவும் ஆகிற வரைக்கும் அந்த வீட்டை விட்டு அது எங்கயும் போகல. அந்தக் கட்டடத்துல இருந்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. குழாய்ல தண்ணி எப்ப வரும்னு கேட்டா எப்படிச் சொல்லுவாங்களோ அப்படித்தான் இதையும் சொல்லுவாங்க.

அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. பெரியவ, சின்னவன்னுதான் எல்லாரும் கூப்பிட்டாங்க. வேற பேரு இருந்திருக்கும், அது சம்பளச் சீட்டுல மட்டும் இருந்துச்சு. அம்மா போனப்போ சின்னவளுக்குப் பல்லு விழுந்து மொளைக்கற வயசு. பெரியவதான் தலை வாரி, சோறு போட்டு, அடிச்சு, அணைச்சு வளத்தா. கல்யாணம் காட்சின்னு பேச வந்தவங்களை எல்லாம், "இவளையும் சேத்து ரெண்டு பேரைக் கட்டிக்கறீங்களா?"ன்னு கேட்டே வாசலோட அனுப்பிட்டா. சின்னவ வேலைக்குப் போற வயசு வந்ததும், மேஸ்திரி கையைக் காலைப் பிடிச்சு, கம்பளியைச் சிக்கெடுத்துச் சீவற மெஷின்ல அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தா. ஆலையிலயே அந்த ஹால்தான் கதகதப்பா இருக்கும், புள்ளைக்குக் குளிராதுன்னு நெனச்சா. குளிரல. ஆனா சீவற கம்பளியில இருந்து பறக்கற பஞ்சு எங்க போகும்? பாதி, தூசியை இழுக்கற காத்தாடி வழியாக் கீழ தூசி அறைக்குப் போச்சு, அங்க கூட்டறது பெரியவ வேலை. மீதி சின்னவ நெஞ்சுக்குள்ள போச்சு. கொஞ்ச வருஷத்துல அவ இருமினா சளி வரல, சாம்பல் கலர்ல பஞ்சுதான் வந்துச்சு. சில நாள் நூலாவே வந்துச்சு, விரல்ல சுத்தி இழுத்தா வந்துக்கிட்டே இருக்கும். ஆலை டாக்டர் முதுகுல காதை வச்சுக் கேட்டுட்டு, உள்ள ஒரு போர்வைக்கு வேண்டிய கம்பளி இருக்குன்னு சொன்னாரு. அது போகாது, ஆனா அறையைச் சூடா வச்சுக்கிட்டா நெஞ்சு ஓடும், என்னைக்குக் குளிர் உள்ள போகுதோ அன்னைக்கு நின்னுடும், அவ்வளவுதான்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு. அன்னையில இருந்து பெரியவளுக்கு உலகத்துல ஒரே ஒரு வேலைதான். அந்த அறையில குளிர் நுழையக் கூடாது.

அந்த வருஷக் குளிர்காலத்துலதான் தூசி அறைக் காத்தாடி கெட்டுப்போச்சு. சரி பண்ண ஆள் வரல. தூசி வெளியவும் போகல, கீழயும் படியல, மேகம் மாதிரி அறை முழுக்க அப்படியே நின்னுச்சு. பெரியவ வாயில துணியைக் கட்டிக்கிட்டு அதுக்குள்ள நின்னு கூட்டுவா. கொஞ்ச நாள்லயே அவளுக்கு ஒண்ணு புரிஞ்சுது. தொடப்பத்தை இந்தப் பக்கம் தள்ளினா, தூசி அந்தப் பக்கம் நடக்குது. எல்லாம் வடக்கு மூலைக்கே போகுது, மெதுவா சுத்திக்கிட்டே, தண்ணி தொட்டி ஓட்டையில இறங்கற மாதிரி. மேஸ்திரிகிட்டப் போய், தூசி நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குதுன்னு சொன்னா. "உன் தங்கச்சி கேக்கறாளா? இல்லல்ல? போ, போய்க் கூட்டு"ன்னாரு அவரு. மறுவாரம் அறையில தூசியே இல்ல. மூலையில தரைக்கு மேல ஒரு முழ உசரத்துல, மிளகு அளவுக்கு, சிவப்பா ஒண்ணு நின்னுச்சு. நெருப்புன்னு நெனச்சு ஒரு வாளித் தண்ணியை எடுத்து ஊத்தினா. அணையல. தண்ணியைக் குடிச்சுட்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆச்சு, மஞ்சளா எரிய ஆரம்பிச்சுது. பெரியவ கையை நீட்டிப் பாத்தா. வெயில்ல துணி காயப் போடறப்போ உள்ளங்கையில படுமே, அந்தச் சூடு. அதைப் பத்தி அவ வேற எதுவும் யோசிக்கல. காலி வாளியை அதுக்கு அடியில கொண்டு போனா, ஓரத்துல எங்கயும் படாம நடுவுல வந்து நின்னுக்கிச்சு. வாளியைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தா.

ஆலை வாசல்ல காவக்காரர் ஒருத்தர் உண்டு. கம்பளித் திருட்டு நடக்குதுன்னு போறவங்க வர்றவங்க பையெல்லாம் தடவிப் பாக்கறது அவர் வேலை. வாளிக்குள்ள எட்டிப் பாத்துட்டு என்னதுன்னு கேட்டாரு. நட்சத்திரம் மாதிரி இருக்குன்னு சொன்னா பெரியவ. "உள்ள கம்பளி ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டாரு. இல்லன்னா. சரி போன்னுட்டாரு. இப்படித்தான் அது அந்தக் கட்டடத்துக்கு வந்து சேந்துச்சு.

உள்ளறைக்கு நடுவுல, சின்னவ கட்டிலுக்குப் பக்கத்துல, நெஞ்சு உசரத்துல அது நின்னுச்சு. கயிறு இல்ல, கொக்கி இல்ல. ராத்திரி பகல்னு இல்லாம ஒரே அளவு வெளிச்சம், ஒரே அளவு சூடு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. தூங்கறதுக்காகச் சின்னவ கண்ணுல ஒரு கறுப்புத் துணியைக் கட்டிக்கப் பழகிக்கிட்டா. ஜன்னல் ஓரத்துல பனி கட்டறது நின்னு போச்சு. இருமல் குறைஞ்சுது, கன்னத்துல கொஞ்சம் சதை வச்சுது, பக்கத்து வீட்டு ஆளுங்களை மாதிரியே நடிச்சுக் காட்டிச் சிரிக்க வச்சா. அவ ஸ்வெட்டர்ல இருந்து ஒரு நாள் ஒரு பட்டன் அறுந்து விழுந்துச்சு. தரைக்கு வரல. நட்சத்திரத்தைச் சுத்த ஆரம்பிச்சுது. நிதானமா, ஒரே வட்டத்துல, ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் இருட்டுமா சுத்துச்சு. பெரியவ பிடிக்கப் போனா, சின்னவ விடல. அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பா. ரெண்டு வருஷம் கழிச்சு பட்டனோட ஓரத்துல பச்சையா ஏதோ படிஞ்சுது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஊசி கோக்கறதுக்கு வச்சிருந்த பூதக்கண்ணாடியைச் சின்னவ கேட்டு வாங்கிப் பாத்தா. பாசின்னா பாசி, காடுன்னா காடு. பட்டனோட நாலு ஓட்டையிலயும் தண்ணி நின்னுச்சுன்னு சொன்னா. அதுக்கப்புறம் இருமல் வந்தா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்குவா, அங்க புயல் அடிக்கக் கூடாதுன்னு.

விஷயம் தெரிஞ்சு மலை மேல இருக்கற வானாராய்ச்சிக் கூடத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால கட்டடத்துல அவருக்குக் கண்ணாடிக்காரர்னு பேரு. ஒரு குழாய், புகை பிடிச்ச கண்ணாடிச் சில்லு, நூல்ல கட்டின குண்டு எல்லாம் வச்சு அளந்தாரு. பெரியவ கொடுத்த டீயைக் குடிச்சாரு. அன்னைக்குக் கூட இருந்தது பாய்லர்காரர். அவரும் அந்தக் கட்டடம்தான், ரெண்டாவது மாடி, சம்சாரம் போய்த் தனியா இருந்தாரு. ஆலையோட கொதிகலனுக்குக் கரி தள்ளற வேலை. அவரு வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அந்த நெருப்பு ஒரு தடவைகூட அணைஞ்சதில்ல. பெரியவளுக்கு அவரு கூடப் பொறந்த அண்ணன் மாதிரி.

"இதுக்கு எதுவும் போடாதீங்க"ன்னாரு கண்ணாடிக்காரர். "தூசி, தண்ணி, குப்பை, எதுவும் வேண்டாம்."

"போடாம எப்படி சார் எரியும்?"ன்னாரு பாய்லர்காரர்.

"அதுகிட்ட இருக்கறதே அதுக்குப் போதும். இப்படியே விட்டா நாம, நம்ம பேரன் பேத்தி, இந்த ஆலை, எல்லாம் போன பின்னாடியும் எரியும். பெருசாக்கினீங்கன்னா வேகமாத் தின்னும். தீனி ஏற ஏற ஆயுசு குறையும்."

பாய்லர்காரர் சின்னவளைப் பாத்துக் கண்ணடிச்சாரு. "சார் வீட்ல அடுப்பு பத்த வைக்கறது யாரு?"

"என் சம்சாரம்தான்."

"அதான்"ன்னாரு பாய்லர்காரர். கண்ணாடிக்காரரும் சேந்து சிரிச்சுட்டுத்தான் போனாரு.

அவர் சொன்னதைப் பெரியவ மறக்கல. சில வருஷம் அதை அதுபாட்டுக்குத்தான் விட்டு வச்சிருந்தா. அப்புறம் ஒரு குளிர்காலம் வந்துச்சு. குழாயெல்லாம் உள்ளயே உறைஞ்சு வெடிச்சுது, குருவிங்க கம்பியில உக்காந்த மேனிக்கே செத்து, பனி உருகற வரைக்கும் கீழ விழாம இருந்துச்சு. ஒரு நாள் காலையில சின்னவ ஒதடு நீலமா இருந்துச்சு. மூச்சு விட்டா விசில் சத்தம். நட்சத்திரம் எப்பவும் போலத்தான் எரிஞ்சுது, ஆனா வெளிய குளிர் அதைவிடப் பெருசா ஆயிருச்சு. பெரியவ ரெண்டாவது மாடிக்கு ஓடினா. பாய்லர்காரர் வந்து பாத்தாரு. தங்கச்சியைப் பாத்தாரு, நட்சத்திரத்தைப் பாத்தாரு. அவர் கெட்டவர் இல்ல. அவருக்குத் தெரிஞ்சதை வச்சுத்தான் சொன்னாரு. "பச்சைப் புள்ளையும் நெருப்பும் ஒண்ணும்மா. கேக்காது. நாமதான் பாத்துப் போடணும். இத்தனை வருஷம் பட்டினி போட்டு வச்சிருக்கியே." பெரியவ நட்சத்திரத்தைத் திரும்பிப் பாத்தா. அன்னைக்கு முதல் தடவையா அது மெலிஞ்ச மாதிரி தெரிஞ்சுது அவளுக்கு.

மொதப் பிடி தூசியைப் போட்டது பெரியவதான். கட்டிலுக்கு அடியில, சின்னவ இருமித் துப்பின பஞ்சைச் சேத்து வச்சிருந்த டப்பாவை எடுத்து அப்படியே கவுத்தா. கண்ணு கூசற மாதிரி ஒரு தடவை துள்ளுச்சு. மஞ்சள் வெள்ளையாச்சு. கொஞ்ச நேரத்துல சின்னவ ஒதடு மறுபடி சிவந்துச்சு, விசில் நின்னுச்சு, பசிக்குதுன்னு சொன்னா. கண்ணாடிக்காரர் சொன்னது பேச்சு. இது கண்ணு முன்னாடி நடந்தது. நீங்களா இருந்தாலும் ரெண்டாவது பிடி போட்டிருப்பீங்க.

பாய்லர்காரர் ஆலைச் சங்குக்கு ஏத்த மாதிரி முறை வச்சாரு. காலைச் சங்குக்கு ஒண்ணு, மதியச் சங்குக்கு ஒண்ணு, சாயங்காலச் சங்குக்கு ஒண்ணு. வீட்டுக்குன்னே ஒரு கரிக்கரண்டியைக் கொண்டு வந்து கதவுக்குப் பின்னாடி சாத்தி வச்சாரு. தூசி அறையில இருந்து பெரியவ மூட்டை மூட்டையாக் கொண்டு வந்தா. காவக்காரர் உள்ள கையை விட்டுப் பாத்துட்டு, குப்பைதானேன்னு விட்டாரு. சூடு மாடிப்படி வழியா இறங்கிக் கட்டடம் முழுக்கப் பரவுச்சு. கீழ்வீட்டுச் சுவத்துல ஈரம் காஞ்சுது, வயசானவங்க முட்டி மடங்குச்சு, ஈரத்துணி சொட்டறதுக்கு முன்னாடியே காஞ்சுது. சும்மா வந்து குளிர் காயறதுக்கு ஒரு மாதிரி இருக்கும் இல்லையா, அதனால வர்றவங்க ஒவ்வொருத்தரும் வீடு கூட்டின தூசியைக் காயிதத்துல மடிச்சுக் கொண்டு வர ஆரம்பிச்சாங்க. அப்புறம் சீப்புல வந்த முடி, உடைஞ்ச நாற்காலி, பிஞ்சு போன செருப்பு, செத்துப்போனவங்க துணிமணி. தையல்காரம்மா இருபது வருஷமா அழுது எடுத்து வச்சிருந்த புருஷன் சட்டையைக் கொண்டு வந்து, "அந்த ஆளு இருந்தப்பத்தான் பிரயோஜனம் இல்ல, இதாவது எரியட்டும்"னு தூக்கிப் போட்டா. அது எல்லாத்தையும் வாங்கிக்கிச்சு. வாசல்ல ஒரு மூட்டையை வச்சாலே, தானா உள்ள உருண்டு போற அளவுக்கு அதுக்கு இழுவை வந்துருச்சு.

எதிர்த்துப் பேசினது சின்னவ மட்டும்தான்.

"பட்டன் காயுதுக்கா."

"பட்டன்தானேடி. நல்லதா ஒண்ணு தச்சுத் தரேன்."

"அது இப்ப பட்டன் இல்லக்கா."

"வேற என்ன, பங்களாவா?"

சின்னவ பட்டன் பக்கம் திரும்பிப் படுத்தா. அப்புறம் சொன்னா: "அது போதும்னுதான் இருந்துச்சு. நீதான் போதாது போதாதுங்கற. அதுபாட்டுக்கு விடுக்கா."

"நீ இருக்கணும்டி எனக்கு. அது எக்கேடு கெட்டா என்ன?"ன்னு சொல்லிட்டு பெரியவ கரண்டியை எடுத்தா.

வெள்ளை போய் நீலம் வந்துச்சு. அந்த வெளிச்சத்துல திரைச்சீலை வெளுத்துக் கிழிஞ்சுது, சுவத்துல சின்னவ நிழல் பதிஞ்சு, அவ திரும்பிப் படுத்தாலும் அது திரும்பாம அங்கயே இருந்துச்சு. கறுப்புத் துணி பத்தாம வெல்டிங் பண்றவங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டு இருந்தா. சாப்பாட்டுத் தட்டு, சீப்பு, மருந்து பாட்டில் எல்லாம் கையை எடுத்தா மெதுவா அதைப் பாத்து நகந்துச்சு, எல்லாத்தையும் சுவத்துல ஆணி அடிச்சுக் கட்ட வேண்டியதாப் போச்சு. முன்னெல்லாம் சும்மா இருந்த நட்சத்திரம் இப்ப சங்கு ஊதறதுக்கு முன்னாடியே படபடன்னு அடிச்சுக்கும். ஒரு வேளை தவறினா சுருங்கி மங்கும், சின்னவளுக்கு உடனே மூச்சு இழுக்கும். அதனால தவற விடல. பெரியவ ரெண்டு ஷிப்டு பாத்தா, ஊர்ல யார் வீட்டை இடிச்சாலும் போய் மண்ணை அள்ளிக்கிட்டு வந்தா. தான் சாப்பிட்டாளான்னு அவளுக்கு ஞாபகம் இருக்காது, அதுக்குப் போட்டாச்சான்னு தூக்கத்துல கூடக் கேப்பா. அந்த வருஷத்துல பட்டன் மேல இருந்த பச்சை பழுப்பாச்சு. பூதக்கண்ணாடியை வச்சுப் பாத்துட்டு சின்னவ அதைத் தையல்காரம்மாகிட்டத் திருப்பிக் கொடுத்தா. ஏன் கொடுத்துட்டன்னு பெரியவ கேட்டதுக்கு, பாக்க ஒண்ணும் இல்லக்கான்னு சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

கடைசி வருஷம் எவ்வளவு போட்டாலும் அது பிரகாசமாகல, பெருசாத்தான் ஆச்சு. நீலம் போய் ஆரஞ்சு, ஆரஞ்சு போய் சிவப்பு. பூசணிக்காய் அளவு, அப்புறம் அண்டா அளவு, அப்புறம் பாதி அறை. ஊதின பலூன் மாதிரி மெத்துமெத்துன்னு, ஓரம் எதுன்னு தெரியாம நின்னுச்சு. கட்டிலைச் சுவத்தோட தள்ளிப் போட்டாங்க. ஒரு நாள் மதியம் பட்டன் போற வட்டத்தை அது தொட்டுருச்சு. சின்னவ பாத்துக்கிட்டே இருந்தா. பட்டன் உள்ள போச்சு, அந்தப் பக்கம் வரல. அன்னைக்கு அவ சாப்பிடல, அழவும் இல்ல. "இனிமே நீ என்ன வேணா போட்டுக்கோ"ன்னு மட்டும் சொன்னா. பெரியவ அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டா.

அதுக்கப்புறம் ஒரு நாள், ஆலைக்கு வார லீவு. பெரியவ கூடுதல் வேலைக்கு ஆலைக்குப் போயிருந்தா. காலைத் தீனி போட வந்த பாய்லர்காரர், நட்சத்திரத்துக்கு அடியில தரையில கறுப்பா ஏதோ கொட்டியிருக்கறதைப் பாத்தாரு. சாம்பல்னு நெனச்சுக் குனிஞ்சு அள்ளினாரு. கை கீழ போச்சு, அவ்வளவு கனம். விரல்ல தேச்சு மோந்து பாத்தாரு, கரிக்கரண்டியோட வாடை. இரும்பு. வாழ்க்கை முழுக்க நெருப்பு முன்னாடி நின்ன ஆளு அவரு. எதைப் போட்டாலும் எரிப்பேன்னு சொல்லுவாரு. எந்த அடுப்புலயும் எரியாதது, எரிஞ்சு ஒரு பைசா சூடு தராதது அது ஒண்ணுதான்னு அவருக்குத் தெரியும். உள்ள இருந்ததெல்லாம் இரும்பா மாறிடுச்சு, இனிமே எரிய ஒண்ணும் இல்ல. எரியறது நின்னா, இவ்வளவு ஊதினது தன்மேலயே இடிஞ்சு விழுந்து வெடிக்கும். கரண்டியைச் சாத்தி வச்சாரு. "பாப்பா, ஒரு நிமிஷம், வந்து தூக்கிக்கறேன்"னு சின்னவகிட்டச் சொல்லிட்டு, கதவு கதவாத் தட்டி எல்லாரையும் தெருவுக்கு இறக்கினாரு. தையல்காரம்மா மெஷினை விட்டுட்டு வர மாட்டேன்னு அடம் பிடிச்சா, அவளையும் மெஷினையும் சேத்தே தூக்கிக்கிட்டு இறங்கினாரு. அதுல கொஞ்சம் நேரம் போச்சு. ஆலைக்கு ஓடிப்போய்ச் சொல்ல ஒருத்தரை அனுப்பிட்டு, சின்னவளைத் தூக்க மறுபடி மேல ஏறினாரு. கதவைத் திறந்தாரு.

சத்தம் எதுவும் வரலன்னு எல்லாரும் சொல்லுவாங்க. வெளிச்சம் மட்டும்தான். சுவரு, தரை, கூரை, எதுவும் அதைத் தடுக்கல. தெருவுல நின்னவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்தப்போ எலும்பு மட்டும் தெரிஞ்சுது. முழுகாம இருந்த ஒரு பொண்ணோட வயித்துக்குள்ள புள்ள விரல் சப்பறது தெரிஞ்சுது. கூரை ஓடெல்லாம் புறாக் கூட்டம் மாதிரி மேல எழும்பிப் போச்சு, திரும்பி வரல. அப்புறம் மேல இருந்து மெதுவாத் தூள் விழுந்துச்சு. பொன், வெள்ளி, ஈயம், பேரு தெரியாத கலர்ல எல்லாம். தலையில, தோள்ல, வாயில. ரொம்ப நாள் வரைக்கும் அந்தத் தெருவுல யாரு இருமினாலும் மினுக்கிச்சு. அந்தப் பொண்ணுக்குப் பொறந்த குழந்தைக்கு நகமெல்லாம் மஞ்சளாப் பளபளன்னு இருந்துச்சு. அதை யாரும் கொண்டாடல.

பெரியவ ஆலையில இருந்து ஓடி வந்தப்போ தூள் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. யாரையும் பாக்காம மேல ஏறினா. மூணாவது மாடியில உள்ளறை வாசல் பக்கத்துல பாய்லர்காரர் உக்காந்திருந்தாரு. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. அன்னையில இருந்து அவருக்கு அந்த ஒரு வெளிச்சத்தைத் தவிர வேற எதுவும் தெரியல, சாகற வரைக்கும். கதவு திறந்து கிடந்துச்சு. அறைக்குள்ள நட்சத்திரம் இல்ல. அது இருந்த இடத்துல கடுகு அளவுக்கு ஒரு கறுப்பு. அதைச் சுத்தி அறையே குழிஞ்சு கிடந்த மாதிரி, ஜன்னல் வெளிச்சம்கூட வளைஞ்சு உள்ள போற மாதிரி இருந்துச்சு. அந்தக் கறுப்புக்கும் வாசலுக்கும் நடுவுல சின்னவ நின்னா. ஒரு முடிகூடக் கருகல. வருஷக்கணக்காக் கட்டிலை விட்டு இறங்காதவ தானா எழுந்திரிச்சு, ஒரு காலைத் தூக்கி, வலது கையை வாசல் பக்கம் நீட்டி, வாயைத் திறந்து வந்துக்கிட்டு இருந்தா. வந்துக்கிட்டேதான் இருந்தா. தூக்கின கால் கீழ வரல. விரல் அசையுதான்னு உத்துப் பாத்தா அசையற மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு.

பெரியவ உள்ள போகக் காலை வச்சா. காலடிச் சத்தத்தை வச்சு பாய்லர்காரர் அவ கையை எட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

"விடுண்ணே. வந்துட்டா. இன்னும் ரெண்டடிதான்."

"அந்த ரெண்டடியைத்தான் நானும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்ம்மா. காலடிச் சத்தம் வர வர இழுத்துக்கிட்டே போய் நின்னு போச்சு." பிடிச்ச கையை விடாம, இன்னொரு கையால கதவுக்குப் பின்னாடி தடவிக் கரண்டியை எடுத்து உள்ள வீசினாரு. "விழுந்த சத்தம் கேக்குதா பாரு." கேக்கல. சின்னவ பக்கத்துல போனதும் கரண்டி மெதுவாச்சு, இன்னும் மெதுவாச்சு, அந்தரத்துலயே நின்னுச்சு. இப்பவும் அங்கதான் நிக்குது.

சாயங்காலம் கண்ணாடிக்காரர் மலையில இருந்து இறங்கி வந்தாரு. அந்த வெளிச்சம் அங்க வரைக்கும் தெரிஞ்சிருக்கு. வாசல்ல நின்னு ரொம்ப நேரம் பாத்தாரு. சொன்னேனேன்னு அவர் சொல்லல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் துடைச்சு மாட்டினாரு. அவ சாகலன்னு சொன்னாரு. சாகவும் மாட்டா, வரவும் மாட்டா. அந்தக் கறுப்புக்கிட்டப் போனா நேரமே கனமாயிடும், நமக்கு நூறு வருஷம் ஆனாலும் அவளுக்கு ஒரு மூச்சுக்கூட முடிஞ்சிருக்காது. கொஞ்சம் கொஞ்சமா சிவந்து மங்குவா, ஆனா அங்கயேதான் இருப்பா. வேற யாரும் வாசப்படியைத் தாண்டக் கூடாதுன்னாரு.

பெரியவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அவளுக்குக் குளிருமா?"

கண்ணாடிக்காரர் யோசிச்சாரு. "அந்த வெளிச்சம் பட்ட நிமிஷமே அவளுக்கு இன்னும் முடியலம்மா. இப்பவும் சூடாத்தான் இருக்கும்."

பெரியவ தலையை ஆட்டிக்கிட்டா. அதுக்கப்புறம் அவ முன்னறையிலயே, அந்த வாசலுக்கு நேரா கட்டிலைப் போட்டுக்கிட்டு இருந்தா. மேல புதுக் கூரை போட்டாங்க, அது கொஞ்சம் உள்வாங்கினாப்லயே நிக்கும். கட்டடத்து ஆளுங்க மாடி ஏறினா, எப்படி இருக்கான்னு கேப்பாங்க, வந்துக்கிட்டு இருக்கான்னு பெரியவ சொல்லுவா. பல வருஷத்துல அந்தத் தூக்கின கால் ஒரு நெல்லு அளவு கீழ இறங்குச்சு. அவ வாயில இருந்து வந்துக்கிட்டு இருக்கற சத்தத்தைக் காதை வச்சுக் கேட்டே பாய்லர்காரர் கடைசிக் காலத்தை ஓட்டினாரு. "அ" வந்துருச்சும்மா, இப்ப நாக்கு பின்னாடி போகுதுன்னு ஒரு நாள் சொன்னாரு. "க்கா" வரல. அக்காவுக்குத் தலை நரைச்சு, பல்லு போய், கூனும் விழுந்துச்சு. தங்கச்சிக்கு அன்னைக்கு இருந்த வயசுதான். தெரியாதவங்க எட்டிப் பாத்தா, "உங்க பேத்தியா?"ன்னு கேப்பாங்க. ஆமான்னுடுவா, யாரு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கறதுன்னு.

ஆனா இதெல்லாம் பின்னாடி. அடுத்த நாள் காலையில ஆலைச் சங்கு எப்பவும் போல ஊதுச்சு. பெரியவ முகம் கழுவினா, டீ போட்டு ஒரு டம்ளர் குடிச்சா, ஒரு டம்ளரை அந்த வாசப்படிக்கு இந்தப் பக்கம் வச்சா, வேலைக்குப் போனா. தூசி அறைக் காத்தாடி மறுபடியும் நின்னு போயிருந்துச்சு. முந்தின நாள் விழுந்த மினுக்குத் தூளும் கம்பளிப் பஞ்சும் கலந்து அறை முழுக்க மேகமா நின்னுச்சு. வாயில துணியைக் கட்டிக்கிட்டுக் கூட்ட ஆரம்பிச்சா. வடக்கு மூலையில, தரைக்கு மேல ஒரு முழ உசரத்துல, மிளகு அளவுக்குச் சிவப்பா ஒண்ணு இருந்துச்சு. பெரியவ அதைச் சுத்திக் கூட்டினா. அள்ளின தூசியை மூட்டையில போட்டு வாயைக் கட்டினா. விளக்கை அணைச்சுட்டு, கதவைச் சாத்திட்டு, அடுத்த அறைக்குப் போனா.